களைப்புக்கு ஓர் அத்தியாயம்

சனி, ஞாயிறுகளில் நான் போரைப் படிப்பிக்கிறேன். நாடுகள் ஒன்றையொன்று எப்படி மிரட்டுகின்றன, எப்படிப் பேரம் பேசுகின்றன, அந்தப் பேரம் எந்த இடத்தில் முறிந்து போர் தொடங்குகிறது என்பதுதான் பாடம். பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் வெளியிலிருந்து எழுதும் வெளிவாரிப் பட்டத்துக்கு ஆட்களை ஆயத்தப்படுத்தும் சின்னத் தனியார் நிறுவனம் அது. திருகோணமலை நகரத்தில், பெயின்ற் கடை ஒன்றின் மேல்மாடி. வகுப்பறை ஜன்னலால் உட்துறைமுகத்தில் ஒரு துண்டு தெரியும். வார நாட்களில் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். அதில்தான் சீவியம் ஓடுகிறது.

இந்தப் பாடத்தை நான் இளம் வயதில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தேன். அப்போது இங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஏன் இது நடக்கிறது என்று அறிய வேண்டும் என்ற ஒரே கேள்வியோடு போனேன். திரும்பி வந்து இவ்வளவு காலம் ஆகிவிட்டது. கேள்வி எங்கேயோ நழுவிவிட்டது. கையில் இருப்பது பாடக்குறிப்பு மட்டும். ஒவ்வொரு வருடமும் அதே குறிப்பை எடுத்து, அதே இடத்தில் நிறுத்தி, அதே உதாரணத்தைச் சொல்கிறேன். சில சனிக்கிழமைகளில் என் குரலே எனக்கு அடுத்த வீட்டு வானொலி போலக் கேட்கும்.

குறிப்பின் சாரம் இதுதான். போர் இரண்டு பக்கத்துக்கும் நட்டம். அப்படியென்றால், போருக்கு முன்பே இருவருக்கும் போரைவிட நல்ல ஓர் ஒப்பந்தம் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும். அதை ஏன் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது? தங்கள் பலத்தையும் பலவீனத்தையும் இருவரும் மறைக்கிறார்கள் என்பது ஒரு விடை. இன்று கொடுத்த வாக்கை நாளை காப்பாற்றுவான் என்று நம்ப முடியாது என்பது இன்னொன்று. கேட்கும் பொருளைப் பங்கு போட முடியாது என்பது மூன்றாவது. இதைக் கரும்பலகையில் எழுதும்போது மாணவர்கள் பவ்வியமாகப் பிரதி பண்ணுவார்கள். துறைமுகத்துக்குள் வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஏதாவது வந்து நங்கூரமிட்டால் மட்டும் எல்லோரும் பேனையை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார்கள். யாருடைய கப்பல், எதற்கு வந்தது என்று கொஞ்ச நேரம் கதை நடக்கும். பிறகு திரும்பி வந்து இருப்பார்கள்.

வருடத்தில் ஒருமுறை அவர்களை ஒரு விளையாட்டு விளையாட வைப்பேன். இரண்டு கற்பனை நாடுகள், நடுவே ஒரு துறைமுகம். ஒரு நாட்டுக்குப் படை அதிகம், மற்ற நாட்டுக்கு நண்பர்கள் அதிகம். மிரட்டலாம், வாக்குக் கொடுக்கலாம், படையை நகர்த்தலாம். காலையில் தொடங்கினால் பின்னேரம் வரை இழுக்கும். அநேகமாகப் போரில்தான் முடியும். பிறகு நான் எழும்பி, போர் ஏன் வந்தது என்று அந்த மூன்று விடைகளையும் வைத்து விளங்கப்படுத்துவேன். போர் வந்தால்தான் என் விளக்கத்துக்கு வேலை இருக்கும்.

ஒரு வருடம் அந்த வகுப்பில் கிண்ணியாவிலிருந்து ஒரு தாதி படித்தார். முப்பது தாண்டிய வயது. அரச ஆஸ்பத்திரியில் வேலை. அநேக சனிக்கிழமைகளில் இரவு வேலையை முடித்துக்கொண்டு நேரே வகுப்புக்கு வருவார். கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து இருப்பார். கண்ணை மூடியிருந்தாலும் கேள்வி கேட்டால் பதில் வரும். தாதிக்கு ஏன் இந்தப் பாடம் என்று முதல் நாளே கேட்டேன்.

"உடம்பைப் பற்றி இல்லாத ஏதாவது ஒண்டு படிக்கணும் எண்டு ஆசை, மிஸ்," என்றார்.

அந்த வருட விளையாட்டில் பலமான நாட்டுக்குக் கந்தளாயிலிருந்து வந்த சரித்திர ஆசிரியர் தலைவர். பலம் குறைந்த நாட்டுக்கு இந்தத் தாதி தலைவி. ஆசிரியர் முறையாகத் தொடங்கினார். துறைமுகத்தின் வாயையும் உள்நீரையும் விட்டுத்தர வேண்டும், இல்லாவிட்டால் படை நகரும் என்று மேசையில் தட்டிச் சொன்னார். தாதி தன் ஆட்களோடு குசுகுசுத்தார். பிறகு எழும்பி வந்தார்.

"வாய் உங்களுக்கு. உள்நீர் எங்களுக்கு. ரெண்டு பேரும் ரெண்டிலயும் போய் வரலாம். முடிப்பமா, சேர்?"

ஆசிரியர் திகைத்துப்போனார். தேநீர் இடைவேளைகூட வரவில்லை. தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "இதுக்குள்ள ஏதோ இருக்கு. இவ்வளவு கெதியா ஒருத்தரும் விட்டுத்தர மாட்டினம்," என்றார்.

"ஒண்டும் இல்ல, சேர். நான் ராவு டியூட்டி முடிச்சிட்டு வந்தனான். கண் சொருகுது. உங்களுக்கும் கந்தளாய்க்குப் போகோணும். எங்கட ஆக்கள் ரெண்டு பேருக்குப் புல்மோட்டை பஸ். முடிப்பம்."

"களைப்பு எண்டு எதிரிக்குச் சொல்லலாமா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நல்ல கேள்வி. என் குறிப்பின்படி சொல்லக்கூடாது. பலவீனத்தைக் காட்டினால் மற்றவன் கூடக் கேட்பான். அவரும் கூடக் கேட்டார். உள்நீரில் பாதி வேண்டும் என்றார். தாதி மறுபேச்சுப் பேசாமல் கதிரையில் இருந்து, மேசையில் தலையை வைத்துக்கொண்டார். அறை முழுக்கச் சிரிப்பு. ஆசிரியர் கொஞ்ச நேரம் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் விடிய முன் எழும்பி வந்தவர். அது வயலில் அறுவடை நடக்கும் காலம். "சரி, சரி. முதல் சொன்ன மாதிரியே முடிப்பம்," என்று கையெழுத்துப் போட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இது விளையாட்டைக் குழப்புவது, நாடுகள் இப்படி நடப்பதில்லை என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். எல்லோரும் பைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். தாதி மட்டும் நின்றார்.

"மிஸ், நீங்க படிப்பிக்கிற நாடுகளுக்கு நித்திரை வராதா?"

பகிடி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

"நாடு எண்டால் ஆள் இல்லையே," என்றேன்.

"கையெழுத்துப் போடுறது ஆள்தானே. சண்டை முடிஞ்சுது எண்டு ரேடியோவில சொன்ன நாள் எனக்கு ஞாபகம். எங்கட உம்மா அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. பாயை விரிச்சுப் படுத்தா. பின்னேரம் அசர் தொழுகைக்குத்தான் எழும்பினா. அப்படி ஒரு நித்திரை அவ நித்திரை கொண்டு நாங்க காணல்ல. உங்கட மூண்டு காரணத்தில இது எதுக்குள்ள வரும், மிஸ்?"

எதற்குள்ளும் வராது. ஆனால் அதை உடனே ஒப்புக்கொள்ள நான் ஆயத்தமாக இல்லை. "அதை ஆய்வாக எழுதிப் பாருங்களேன்," என்று தட்டிக்கழிக்கும் குரலில் சொன்னேன். இறுதி வருடத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அநேகர் துறைமுகத்தின் கேந்திர முக்கியத்துவம் என்று தலைப்பு வைத்து, பழைய கட்டுரைகளைத் திருப்பி எழுதித் தருவார்கள். இவர் அடுத்த சனிக்கிழமை வந்து, "எழுதப் போறன்," என்றார்.

எழுதினார். சமாதானப் பேச்சுவார்த்தைகளில் இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளை நான் தேடிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைச் சுருக்கித் தமிழில் சொன்னேன். நான் வரைபடங்களையும் நிபந்தனைகளையும் பார்த்துத் தாண்டிப்போன பக்கங்களில் அவர் வேறொன்றைப் பார்த்தார். அறை வெக்கை. கதிரை சரியில்லை. ஒருவருக்குப் பல்வலி. இன்னொருவர் இரண்டு இரவாக நித்திரையில்லை என்று எழுதியிருந்தார். எல்லாவற்றையும் அடிக்கோடிட்டுக் கொண்டுவருவார்.

நாங்கள் சண்டை பிடிப்போம். களைப்பை எப்படி அளப்பது என்று நான் கேட்பேன். "ஆஸ்பத்திரி வாட்டில நோவை எப்படி அளக்கிறம்? கேட்டு எழுதுறம்," என்பார். அது ஆராய்ச்சிக்குப் போதாது என்பேன். எனக்கு இன்னொரு மறுப்பும் இருந்தது, அது பலமானது. களைத்தவன் கையெழுத்துப் போடுவான், சரி. பிறகு நித்திரை கொண்டு எழும்புவான். எழும்பினவனுக்குப் பலம் திரும்பிவிடும், போட்ட கையெழுத்துக் கசக்கும். களைப்பில் வந்த சமாதானம் களைப்பு இருக்கும் வரைதான். இதைச் சொன்ன நாள் அவர் அதைக் குறித்துக்கொண்டு போனார். சில வாரங்கள் கழித்து ஒரு புதிய அத்தியாயத்தோடு வந்தார். சண்டை நின்ற பிறகு ஆட்கள் எவ்வளவு காலம் களைத்திருக்கிறார்கள், அந்த இடைவெளிக்குள் என்ன செய்து வைத்தால் எழும்பும்போது திரும்பச் சண்டைக்குப் போகமாட்டார்கள் என்பது அதில் இருந்தது. முழுதாகச் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் வாசித்து முடித்துவிட்டுக் குசினிக்குப் போய், அடுப்பை மூட்ட மறந்து நெடுநேரம் நின்றேன். ஒரு மாணவரின் எழுத்து என்னை அப்படி நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த வருடம் நிலாவெளியில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மாநாடு நடந்தது. இந்து சமுத்திரத்தின் எதிர்காலம் என்பது மாதிரி ஒரு தலைப்பு. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள். உள்ளூர்க் குரல் ஒன்று வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு மாநாட்டுக்கும் அப்படி ஒரு குரல் வேண்டும், பெரும்பாலும் அது நானாக இருக்கும். இந்தமுறை என் நேரத்தை என் மாணவி எடுப்பார், நான் மொழிபெயர்ப்பேன் என்று எழுதிக் கேட்டேன். சம்மதித்தார்கள்.

அவர் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். புது ஹிஜாப், கையில் தாள்கள். சுவரில் பெரிய சமுத்திர வரைபடம் தொங்கியது. அதில் எங்கள் துறைமுகம் நகநுனி அளவு. அவர் தமிழில் பேச, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். உம்மா படுத்த பாயையும் சொன்னார்.

முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் கை உயர்த்தினார். நரைத்த தலை, மெல்லிய குரல். அவருடைய கட்டுரைகளை நான் படித்த காலத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். மிக மரியாதையாகச் சொன்னார்: நல்ல கதை, ஆனால் களைப்பு என்பது செலவு. செலவு ஏற்கெனவே எங்கள் கணக்கில் இருக்கிறது. புதிதாக ஒன்றும் சேரவில்லை.

தாதி என் முகத்தைப் பார்த்தார். சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"செலவு எண்டா குறைக்கப் பார்ப்பாங்க. களைப்பு எண்டா படுக்கத்தான் பார்ப்பாங்க. ரெண்டும் ஒண்டில்ல எண்டு சொல்லுங்க, மிஸ்."

சொன்னேன். என் சார்பிலும் சேர்த்துச் சொன்னேன்: செலவைக் கணக்குப் பார்த்தவன் இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கூடக் கிடைக்கும் என்று காத்திருப்பான், களைத்தவனுக்கு அந்தக் கணக்கைப் பார்க்கவே ஏலாது, ஆகவே அவனை வேறு விதமாகத்தான் விளங்க வேண்டும் என்றேன். பேராசிரியர் தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். தலைமை வகித்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சுவாரசியமான கருத்துப் பரிமாற்றம் என்று சொல்லி, எல்லோரையும் சாப்பாட்டுக்கு அனுப்பினார். அவ்வளவுதான். அந்த இடத்துக்காக நாங்கள் பல மாதம் உழைத்திருந்தோம்.

சாப்பாட்டு நேரத்தில் பேராசிரியர் எங்கள் மேசைக்கு வந்தார். மெதுவாக, அடிமேல் அடி வைத்து வந்தார். விமானத்தில் வந்ததிலிருந்து கால் வீங்கியிருக்கிறது, இந்தப் பெண் தாதி என்று கேள்விப்பட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். தாதி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, கை கழுவி வந்து, அவருடைய காலைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு காலும் வீக்கமா, ஒண்டு மட்டுமா எண்டு கேளுங்க, மிஸ். நோகுதா? மூச்சு வாங்குதா?"

கேட்டேன். இரண்டும்தான், நோ இல்லை, மூச்சு வாங்கவில்லை என்றார்.

"அப்ப பயப்பட வேணாம். ஆனா பின்னேரம் டொக்டரிட்ட ஒருக்காக் காட்டச் சொல்லுங்க. இப்ப காலைத் தூக்கி வச்சிருக்கச் சொல்லுங்க."

ஒரு கதிரையை இழுத்து, அதில் தலையணை ஒன்றை வைத்து, காலைத் தூக்கி வைத்துவிட்டார். பேராசிரியர் அப்படியே எங்களோடு இருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "நான் இளம் வயதில் ஒரு போரில் இருந்தவன். என்னுடைய போர் ஏன் வந்தது என்று அறியத்தான் இந்தத் துறைக்கு வந்தேன். போர்கள் ஏன் வருகின்றன என்று இப்போது தெரியும். என்னுடையது ஏன் வந்தது என்று இன்னும் தெரியாது."

தாதி, "என்ன சொல்றார்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "பாவம்," என்றார். அந்தச் சொல்லை நான் மொழிபெயர்க்கவில்லை. பின்னேர அமர்வு முழுக்க, எந்த நாட்டுக்கு இந்தத் துறைமுகம் போக வேண்டும் என்று மற்றவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, பேராசிரியர் காலைத் தூக்கி வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஆய்வுக் கட்டுரைக்குச் சுமாரான புள்ளி வந்தது. தலைப்பு நல்லது, கோட்பாடு போதாது என்று பரீட்சகர் எழுதியிருந்தார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. தாதி முதுமாணிப் பட்டத்துக்குப் போக வேண்டும், இதை விரித்து எழுத வேண்டும், நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரையாக்கி வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் மனதுக்குள் பெரிய திட்டமே போட்டு வைத்திருந்தேன். என் துறையில் எனக்கு மறுபடி பசி எடுத்திருந்தது.

பெறுபேறு வந்த கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். தொதல் கொண்டு வந்தார். தேநீர் குடித்துவிட்டு, "மிஸ், நான் இதோட நிப்பாட்டப் போறன்," என்றார்.

நான் விடவில்லை. நான் படித்த எல்லாவற்றையும் அன்று அந்தப் பெண்மீது பிரயோகித்தேன். முதலில் வாக்குக் கொடுத்தேன்: ஆங்கிலம் எல்லாம் நான் பார்க்கிறேன், நீங்கள் தமிழில் எழுதினால் போதும். பிறகு தவணை கொடுத்தேன்: ஒரு வருடம் ஆறி, பிறகு தொடங்குங்கள். அதுவும் சரிவராமல் போக மிரட்டினேன்: இப்போது விட்டால் பிறகு ஒருநாளும் திரும்ப மாட்டீர்கள், உங்கள் யோசனையை வேறு யாராவது எழுதிப் பெயர் வாங்குவார்கள்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மிஸ், இது முழுக்க நீங்க படிப்பிச்ச மூண்டாம் பாடத்தில இருக்கு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன், "ஏன்? பிடிக்கேல்லையா?"

"பிடிக்கும், மிஸ். அதுதான் கவலை. ஆனா வாட், வீடு, பிள்ளைகள்ற ட்யூஷன், உம்மாட சீனி வருத்தம்... இதுக்கு மேல புத்தகம் எடுத்தா, எழுத்து எறும்பு மாதிரி ஓடுது. ஏலாது. மெய்யா ஏலாது."

ஏலாது என்று அவர் சொன்ன விதத்தில் பேரத்துக்கு இடமே இருக்கவில்லை. இன்னும் ஒரு சொல் சொன்னாலும் அது கொடுமையாகிவிடும் என்று தெரிந்தது. வாசல்வரை போய் வழியனுப்பினேன். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. மொழிபெயர்க்க வந்த கிணற்றுத் திட்ட அறிக்கை மேசையில் கிடந்தது.

அதற்குப் பிறகு நிறுவனத்தில் எங்கள் பாடத்துக்கு ஆள் குறைந்தது. எல்லோருக்கும் கணினியும் ஆங்கிலமும் வேண்டும். நிறுத்தலாமா என்று பணிப்பாளர் கேட்டார். இன்னும் ஓர் அணியாவது வரட்டும் என்று கேட்டு வாங்கினேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே வடிவாகத் தெரியாது. கட்டுரையை நானே எழுதலாமா என்று தாதியிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுங்க, மிஸ், உங்கட பேரிலேயே போடுங்க," என்றார். இரண்டு பேரையும் போட்டு எழுதி அனுப்பினேன். மறுத்துத் திருப்பினார்கள். இன்னோர் இடத்துக்கு அனுப்பினேன். அங்கேயும் மறுத்தார்கள். மூன்றாவது இடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை.

போன மாதம் என் கணவருக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை. பெரிதாக ஒன்றுமில்லை, வயதுக்கு வருவதுதான். அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, முடிந்ததென்று கூப்பிடும் வரை ஆஸ்பத்திரி விறாந்தையில் சுவரோரம் கிடந்த வாங்கில் இருந்தேன். காலை வெயில் நிலத்தில் விழுந்திருந்தது. தூரத்தில் வெள்ளை உடுப்பில் என் பழைய மாணவி வருவதைக் கண்டேன். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பக்கத்தில் வந்து இருந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகப் புறப்பட்டிருந்தாராம்.

"சேருக்கு என்ன? கண்ணா? அது சின்ன விசயம், மிஸ். பயப்படாதீங்க. நான் இருந்து பார்த்திட்டே போறன்."

"வேண்டாம், நீங்கள் போங்கோ. களைச்சுப்போய் இருக்கிறீங்கள்."

"இல்ல, இருக்கிறன். சொல்லுங்க, வகுப்பு எப்படிப் போகுது? எத்தினை பேர் வாறாங்க?"

சொல்லத் தொடங்கினேன். திரியாயிலிருந்து வரும் இரண்டு பெண்களைப் பற்றியும், அவர்கள் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றியும் சொன்னேன். பாதியில் பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சுவரில் தலையைச் சாய்த்து, வாய் கொஞ்சம் திறந்தபடி நித்திரையாகிவிட்டிருந்தார். கைப்பை மடியிலிருந்து சரிந்தது. அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒருவர் வந்து, கணவரின் பெயரைச் சொல்லி, அவருடைய ஆள் யார் என்று உரத்துக் கேட்டார். நான் கையைக் காட்டி, மெதுவாக, மெதுவாக என்று சைகை செய்தேன். வந்தவர் என் பக்கத்தில் நித்திரை கொள்ளும் ஆளைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.